போகவர முந்நூறு ராண்ட்

கப்பலிலிருந்து இறங்கி என் வண்டியில் ஏறும்போதே
ரொடெலிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது.
பெல்ட்டை மாட்டுவதற்குள் இரண்டு.

இரண்டாம் சமையல்காரன். ஊர் இலோய்லோ.
எட்டு மாதமாக இருபத்திரண்டு பேருக்குச் சோறு வடித்தவன்.
அவர்களில் ஒருவரும் காது கொடுக்கவில்லை போலும்,
மேடன் வார்ஃப் கேட்டைத் தாண்டியதுமே
என்னிடம் கொட்ட ஆரம்பித்துவிட்டான்.

டர்பன் முழுக்கக் கம்பத்துக்கு மூன்று முகமாகத்
தேர்தல் தட்டிகள்.
"உங்கள் ஆட்கள் கம்பத்தோடு நின்றுகொள்கிறார்கள், கோகி மேடம்.
எங்கள் கவுன்சிலர் அரிசி மூட்டையில் சிரிப்பார்,
ஆம்புலன்ஸ் கதவில் சிரிப்பார்.
என் மாமனார் செத்தபோது கட்டிய பேனரில்
மாமனார் இத்தனூண்டு,
அனுதாபம் தெரிவிப்பவர் ஆளுயரம்.
வந்தவர்களில் பாதிப் பேர்
அவருக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றினார்கள்."

சிரித்துவிட்டேன்.
ரோபோ எரியவில்லை.
(இந்த ஊரில் சிக்னலுக்கு ரோபோ என்று பேர்.)
நாலு பக்க வண்டிகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போவதைப்
பார்த்து வாய் பிளந்தான்.
"மணிலாவில் விளக்கு எரியும், மேடம்.
மரியாதைதான் கட்."

மின்வேலி வைத்த மதில்களைப் பார்த்து:
"வீட்டுக்குள் இல்லாத கரண்ட் வேலியில் இருக்கிறதே!"

வெங்காய விலைக்கு மட்டும் நாலு கிலோமீட்டர்.
தங்கை கல்யாணத்துக்கு யாரோ
வெங்காயத்தையே மொய்யாக வைத்தார்களாம்.
நம்புவதா, தெரியவில்லை.

"விமான நிலையத்தில் எங்களுக்கென்று தனி வரிசை.
நாட்டின் நாயகர்களே வருக என்று பலகை.
அந்த வரிசைதான் எப்போதும் நீளம்."

நானும் விட்டுக்கொடுப்பேனா.
ஃபீனிக்ஸில் பதினோரு நாளாகக் குழாய் வறண்டதைச் சொன்னேன்,
டாங்கர் வந்தால் வாளிச் சண்டை என்றேன்.
"முன்னால் யார் நிற்பார்கள்?"
முதலில் வருகிறவர்கள்தான்.
"அது சரி. முதலில் வருவது எப்போதும் யார்?"
பதினாலாம் நம்பர் பாஞ்சாலி.
டாங்கர் டிரைவர் அவள் மச்சினன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைத்த பையன்
மலாவிக்காரன். இரண்டு ராண்ட் கொடுத்தேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
தினமும் சொல்வதைத்தான் சொன்னேன்:
"வெளிநாட்டுக்காரங்க ரொம்பிப் போயிட்டாங்க.
அப்புறம் நம்ம பிள்ளைங்களுக்கு வேலை எங்கேருந்து வரும்?"

பஸ் கட்டணம் பற்றி ஏதோ
பாதி சொல்லியிருந்தான் ரொடெல்.
மீதியைச் சொல்லவில்லை.

மாலில் சாக்ஸ், சோப்பு,
மகளுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை.
திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையை மடியில் வைத்து
ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.
மீன் விலை கேட்டுப் பார்த்தேன்.
மழையைப் பற்றிக்கூடக் கேட்டேன்.
"மழை நல்லது, மேடம்."

கேட்டில் காவலாளி அவன் பாஸைத் திருப்பிப் பார்த்தான்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
தள்ளி நில் என்றான்.
ரோஸ் பையை நெஞ்சோடு அணைத்தபடி
தள்ளி நின்றான் ரொடெல்,
எந்த அபிப்பிராயமும் இல்லாமல்.
என் காசு வந்தாயிற்று. போயிருக்கலாம்.
அவனை உள்ளே விடும்வரை
வண்டியை நகர்த்தவில்லை, அவ்வளவுதான்.
அவன் திரும்பிப் பார்த்தானா
என்று கேட்டால் இல்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு டாங்கர் வந்தது.
முன்னால் பாஞ்சாலி, நாலு டிரம்மோடு.
அது தெரிந்ததுதான்.
நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

வரிசையின் கோடியில்
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்
என் வீட்டுப் பின்பக்க அறையில் இருக்கும் ஜிம்பாப்வே பெண்.
ஆறு மாதமாக வாடகை வாங்குகிறேன்.
பேர் தெரியாது.

என் முறை வந்தது.
பிடித்தேன்.